கேன்வாஸின் இழையும் ஓவியக்கூடத்தின் வெளிச்சமும்

அன்பு மகனுக்கு,

கேன்வாஸ் ஒரு நெய்த துணி. பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றையொன்று தாண்டிப் போகும் இடத்தில் சின்ன மேடு. நூல்களுக்கு நடுவே சின்னப் பள்ளம். தூரிகை எப்போதும் இந்த மேடு பள்ளத்தின் மேல்தான் ஓடுகிறது. வண்ணம் கெட்டியாகவும் தூரிகை உலர்ந்தும் இருந்தால் மேடுகள் மட்டுமே வண்ணத்தை வாங்கிக்கொள்ளும். பள்ளங்களில் அடிப்பூச்சின் நிறம் அப்படியே தெரியும். வண்ணம் நீர்த்திருந்தால் பள்ளங்கள் முதலில் நிறையும்; மேடுகள் வெளிறி நிற்கும். வண்ணமும் கையும் அழுத்தமும் மாறாமல் இருந்தாலும் துணி மாறினால் கோடு மாறிவிடும். உருவப்படத்துக்கென்று நெருக்கமாக நெய்த லினனில் கண்ணிமையின் ஓரத்தை ஒரே இழுப்பில் வரைந்துவிடலாம். சாக்குத் துணியில் அதே இமை ஐந்தாறு புள்ளிகளாக உடைந்து விழும். அது குறையா நிறையா என்பது ஓவியர் எதைத் தேடுகிறார் என்பதைப் பொறுத்தது. ஆனால் அந்தத் தேர்வைத் துணிக்கடைக்காரர் செய்துவிடக் கூடாது, ஓவியர்தான் செய்ய வேண்டும். புதிதாக ஸ்டூடியோ அமைப்பவர்கள் வண்ணக் குழாய்களுக்குக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்துவிட்டு, கேன்வாஸை மட்டும் கிடைத்ததை வாங்கி வருவதை அடிக்கடி பார்க்க முடிகிறது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

நார் வகையில் மூன்று முக்கியமானவை. ஆளிச் செடியின் தண்டிலிருந்து வரும் லினனின் நார் நீளமானது. இழுத்துக் கட்டினால் இறுக்கம் நெடுநாள் நிற்கும். நூலின் தடிமன் ஒரே சீராக இல்லாமல் அங்கங்கே சிறு முடிச்சு விழுவதால் பரப்பில் ஓர் உயிர்ப்பு இருக்கும். பருத்தியின் நார் குட்டையானது. துணி சீராக, வெள்ளையாக, மலிவாகக் கிடைக்கும்; ஆனால் இழுவைக்கு நெகிழ்ந்து கொடுக்கும். பெரிய சட்டத்தில் கட்டினால் நாளடைவில் நடுவில் தொய்யும். சென்னைக் கடைகளில் சட்டத்தோடு ஆயத்தமாக விற்கும் கேன்வாஸ் பெரும்பாலும் இயந்திரத்தில் வெள்ளை பூசிய பருத்திதான். மூன்றாவது சணல். நூல் தடித்தது, நெசவு அகன்றது, நிறம் பழுப்பு. வருடங்கள் போகப் போக நார் கறுத்து நொறுங்கும் இயல்பு அதற்கு உண்டு. மூன்றிலும் நல்ல ஓவியங்கள் இருக்கின்றன. நீண்ட காலம் நிற்க வேண்டிய படத்துக்கு லினன், பயிற்சிக்கும் அக்ரிலிக் வேலைக்கும் கனமான பருத்தி என்பது பொதுவான கணக்கு.

நெசவின் பாணியும் பேசும். ஒன்று மேல் ஒன்று கீழ் என்ற எளிய நெசவு படத்துக்குத் திசை எதையும் தராது. சாய்வரி நெசவிலோ துணி முழுக்க மூலைவாட்டில் கோடுகள் ஓடும். மீன்முள் நெசவில் அந்தக் கோடுகள் இடமும் வலமுமாகத் திரும்பும். மெல்லிய பூச்சுக்குள்ளிருந்து இந்த ஓட்டம் மேலே தெரியும். ஐரோப்பாவில் இதை முதலில் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் வெனிஸ் நகரத்து ஓவியர்கள். அதற்கு அந்த ஊரின் நிலைமையே காரணம். உப்புத் தண்ணீர் சூழ்ந்த நகரம். சுவரின் ஈரம் காயாது. ஜார்ஜோனேயும் டிசியானும் 1508 வாக்கில் ஜெர்மன் வணிகர் மாளிகையின் வெளிச்சுவரில் தீட்டிய சுவரோவியங்கள் அழிந்து, இன்று சில துண்டுகளே மிஞ்சியிருக்கின்றன. சுவர் கைவிட்ட நகரத்தில் பாய்மரத் துணிக்குப் பஞ்சமில்லை. கப்பல் கட்டும் ஊர் அது. சுவரின் இடத்தைத் துணி பிடித்தது. 1576இல் இறந்த டிசியான், தம் கடைசிக் காலப் படங்களில் கரடுமுரடான, சாய்வரி நெய்த துணிகளை எடுத்துக்கொண்டார். அரைகுறையாக இழுத்த வண்ணம் மேடுகளில் மட்டும் தொற்றி நிற்க, உடலின் விளிம்புகள் காற்றில் கரைவது போன்ற தோற்றம் அந்தப் படங்களுக்கு வந்தது. கிட்டே போனால் வெறும் திட்டுகள். சற்றுத் தள்ளி நின்றால் தோலும் இருட்டும் மரமும். வழவழப்பான பலகையில் இந்த வழி அவருக்குத் திறந்திருக்காது.

துணியும் அறையும் சேர்ந்து ஓர் ஓவியரின் கையை எப்படித் திருப்புகின்றன என்று அறிய விரும்புகிறவர் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் பிரான்சின் தெற்கே உள்ள ஆர்ல் நகரம், காலம் 1888. அந்த ஆண்டு மே மாதம் வின்சென்ட் வான் கோ, லமார்த்தின் சதுக்கத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்தார். கீழே ஸ்டூடியோவும் சமையலறையும், மேலே படுக்கை அறைகள். வேண்டிய வண்ணமும் கேன்வாஸும் பாரிஸிலிருந்து தம்பி தியோ அனுப்பிக்கொண்டிருந்தார். கோடையில் வான் கோ பெரும்பாலும் வெளியில்தான் தீட்டினார். அந்தப் பகுதியில் மிஸ்ட்ரால் என்னும் வடகாற்று வாரக்கணக்கில் அடிக்கும். ஈஸல் சாயாமலிருக்க அதன் கால்களை மண்ணில் அறைந்த முளைகளோடு சேர்த்துக் கட்டி வேலை செய்தார். ஜூனில் சாந்த்-மாரி கடற்கரையில் தீட்டிய படத்தில் மணல் துகள்கள் வண்ணத்தோடு ஒட்டிக் காய்ந்து இன்றும் இருக்கின்றன. அடுத்த ஆண்டு தீட்டிய ஓர் ஒலிவ மரப் படத்தில் ஒரு வெட்டுக்கிளியின் உடல் சிக்கியிருந்ததை அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி அருங்காட்சியகத்தார் 2017இல் கண்டார்கள். காற்றில் ஆடும் துணியில் நுணுக்கமாகத் தீட்ட முடியாது. வேகமான, தடித்த, ஒரே மூச்சில் முடியும் இழுப்புகள் அந்தச் சூழலுக்குப் பொருந்தின. அவருடைய சுபாவம்தான் அந்த இழுப்புகளுக்குக் காரணம் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை.

அக்டோபர் 23ஆம் தேதி ஓவியர் பால் கொகேன் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த சில நாட்களிலேயே இருபது மீட்டர் சணல் துணி வாங்கினார். விலை மலிவு என்பது ஒரு காரணம். கொகேனின் கைக்கு அது பொருத்தம் என்பது பெரிய காரணம். அவர் வண்ணத்தை மெல்லியதாக, பளபளப்பில்லாமல், அகலமான தட்டைப் பரப்புகளாகப் போடுகிறவர். சணலின் சொரசொரப்பு அந்தப் பரப்புகளுக்குப் பழைய சுவரோவியத்தின் மங்கலைத் தந்தது. வான் கோவின் நிலைமை வேறு. தடித்த வண்ணத்தைத் தூரிகையால் வரிவரியாக உழுபவர் அவர். சணல் வண்ணத்தைக் குடித்தது. மெல்லிய வரிகளை உடைத்தது. கடையில் பூச்சுப் போட்டு வந்த துணியில் பழகிய கை, வீட்டிலேயே பூசித் தயாரித்த சாக்குத் துணியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் வான் கோ பெரிய நிறப் பரப்புகளுக்கும் அழுத்தமான ஓரக்கோடுகளுக்கும் சாய்ந்ததில் கொகேனின் பேச்சுக்குப் பங்கு உண்டு. துணிக்கும் பங்கு உண்டு.

இதைக் கண்கூடாகப் பார்க்க இரண்டு சூரியகாந்திப் படங்கள் உதவும். பதினைந்து பூக்கள் கொண்ட முதல் படம் 1888 ஆகஸ்டில், பூக்கள் எதிரே இருக்க, வழக்கமான கேன்வாஸில் தீட்டியது. இன்று லண்டன் தேசிய ஓவியக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. குளிர் தொடங்கியபின், பூக்கள் எதுவும் இல்லாத காலத்தில், அந்தப் படத்தையே முன்வைத்து அவர் மறுபடி தீட்டியதுதான் டோக்கியோவில் உள்ள படம். அது கொகேன் வாங்கிய சணலில் தீட்டியது. லண்டன் படத்தில் இதழ்கள் வண்ணத்தின் கனத்தாலேயே எழும்பி நிற்கின்றன. பின்னணியின் மஞ்சள் கூடை முடைந்ததுபோல் நெருக்கமாகப் போகிறது. டோக்கியோ படத்தில் பின்னணி பச்சை ஓடிய மஞ்சள். துணியின் முரட்டு நெசவு வண்ணத்துக்கு அடியிலிருந்து முட்டிக்கொண்டு வருகிறது, உருவங்கள் சற்று இறுகியிருக்கின்றன. 1987இல் பெருந்தொகைக்கு விலைபோன அந்தப் படம் போலியாக இருக்குமோ என்று பின்னர் சந்தேகம் கிளம்பியபோது, அது வான் கோவுடையதுதான் என்று வாதிட்டவர்களின் கையில் இருந்த முக்கியச் சான்றுகளில் ஒன்று இந்தச் சணல். துணி அத்தனை தெளிவாகச் சாட்சி சொல்லும். அடிப்பூச்சில் ஈய வெள்ளை இருந்தால் அது பள்ளங்களில் இறங்கி எக்ஸ்ரே படத்தில் நெசவை அப்படியே காட்டிக்கொடுக்கும். அந்த இழைகளை எண்ணிப் பார்த்து, எந்தெந்தப் படம் ஒரே சுருளிலிருந்து வெட்டியது என்று ஆய்வாளர்கள் வகுக்கிறார்கள். வெர்மீரின் படங்களுக்கும் வான் கோவின் படங்களுக்கும் இந்த ஆய்வு நடந்திருக்கிறது.

கொகேன் சணலை விடவில்லை. தாஹிதித் தீவில் 1897-98இல் தீட்டிய ‘நாம் எங்கிருந்து வருகிறோம்? நாம் யார்? நாம் எங்கே போகிறோம்?’ என்ற ஏறத்தாழ மூன்றே முக்கால் மீட்டர் நீளப் படமும் முடிச்சும் சுருக்கமும் நிறைந்த சாக்குத் துணியில்தான் இருக்கிறது. வான் கோவோ கொகேன் போனபின் தமக்குப் பழகிய துணிக்கே திரும்பினார். ஒருவருக்கு உதவிய துணி இன்னொருவருக்கு உதவ வேண்டும் என்பதில்லை.

நெசவுக்கும் வண்ணத்துக்கும் நடுவில் இருப்பது அடிப்பூச்சு. துணியின் குணத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் கையில் இருக்கிறது. இதில் தமிழ்நாட்டுக் கைவினைஞர்கள் ஐரோப்பியர்களுக்கு எந்த விதத்திலும் பின்தங்கியவர்கள் அல்லர். தஞ்சாவூர்ப் பலகைப் படத்தில் மரப்பலகையின் மேல் துணியை ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்து பல முறை பூசி, வழவழவென்று தேய்க்கிறார்கள். அங்கே நெசவு கண்ணுக்குத் தெரியவே கூடாது. தங்கத் தகடும் கல்லும் பதிய மட்டமான தளம் வேண்டும். கலம்காரித் துணியில் இதற்கு நேர்மாறு. பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் நனைத்துக் காயவைக்கிறார்கள். கடுக்காய் சாயத்தைப் பிடித்துவைக்கும், பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். துணி துணியாகவே இருக்கும், கோடு மட்டும் கட்டுக்குள் நிற்கும். நெசவை மறைப்பதா, விட்டுவைப்பதா என்ற முடிவை இரண்டு மரபுகளும் வேலையின் தேவையை வைத்தே எடுத்திருக்கின்றன.

எண்ணெய் வண்ணத்துக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது. ஆளி விதை எண்ணெய் நேராக நாரில் இறங்கினால் காலப்போக்கில் நார் இற்றுப்போகும். அதனால்தான் பழைய ஓவியர்கள் முதலில் வஜ்ஜிரம் போன்ற விலங்குப் பசையை மெல்லியதாகப் பூசித் துளைகளை அடைத்தார்கள். அதன்மேல்தான் வெள்ளையோ பழுப்போ பூசினார்கள். இன்று அக்ரிலிக் ஜெஸ்ஸோ அந்த வேலையைப் பெருமளவு செய்கிறது. எத்தனை கை பூசுவது என்பதுதான் கேள்வி. ஒரு கை பூசினால் நெசவு முழுதாகத் தெரியும், வண்ணத்தை உறிஞ்சும். மூன்று கை பூசி இடையிடையே உப்புத்தாளால் தேய்த்தால் முரட்டுப் பருத்திகூடப் பலகைக்கு அருகில் வந்துவிடும். பூச்சின் நிறமும் முக்கியம். வெள்ளைப் பூச்சு மேலே வரும் எல்லா நிறத்தையும் உள்ளிருந்து ஒளிரச் செய்யும். பழுப்புப் பூச்சு இருட்டைத் தயாராகவே வைத்திருக்கும். ஓவியர் வெளிச்சத்தை மட்டும் எடுத்து வைத்தால் போதும். ரெம்பிராண்ட் 1642இல் முடித்த ‘இரவுக் காவல்’ படத்துக்குக் களிமண்ணும் படிகக்கல் பொடியும் கலந்த பழுப்புப் பூச்சைப் பயன்படுத்தினார். அதற்கும் கீழே துணியில் ஈயம் கலந்த எண்ணெய் ஊறியிருப்பதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. படம் தொங்கவிருந்த கூடத்தின் வெளிச்சுவர் ஈரத்திலிருந்து துணியைக் காக்க அவர் அப்படிச் செய்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். படம் எந்தச் சுவரில் தொங்கப்போகிறது என்று யோசித்து ஒருவர் துணியைத் தயார்செய்தார் என்றால், அந்த அக்கறை பாராட்டுக்குரியது.

பூச்சே இல்லாத துணியில் வேலை செய்தவர்களும் உண்டு. ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1952இல் ‘மலைகளும் கடலும்’ என்ற படத்துக்கு வெறும் பருத்தித் துணியைத் தரையில் விரித்து, நீர்த்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றி ஊறவிட்டார். வண்ணம் துணியின் மேல் இல்லை, துணிக்குள்ளேயே இருக்கிறது. அழகான வழி, ஆனால் நாருக்கு ஆபத்தான வழி. பின்னாளில் அவர் அக்ரிலிக்குக்கு மாறினார். இந்த முறையில் ஆசைப்படும் இளைஞர்கள் தொடக்கத்திலேயே அக்ரிலிக்கில் செய்வது நல்லது. லண்டனில் பிரான்சிஸ் பேகன் கேன்வாஸைத் திருப்பிப் போட்டு, பூச்சு இல்லாத பின்பக்கத்தில் தீட்டினார். பின்பக்கத்தில் வைத்த வண்ணத்தைத் துடைத்து அழிக்க முடியாது. துணி பிடித்தது பிடித்ததுதான். திருத்த முடியாத அந்த நெருக்கடி தம் வேலைக்கு ஏற்றது என்று அவர் அதிலேயே நிலைத்துவிட்டார்.

துணியின் இறுக்கமும் கைக்குத் தெரியும். சட்டத்தில் கட்டிய கேன்வாஸ் தூரிகை பட்டதும் லேசாக உள்வாங்கி மறுபடி எழும். சிலருக்கு அந்த எதிர்வினை பிடிக்கும். ஜாக்சன் பொலாக்குக்குக் கடினமான தளத்தின் எதிர்ப்பு தேவைப்பட்டது. லாங் ஐலண்டின் ஸ்பிரிங்ஸ் கிராமத்தில் தாம் வாங்கிய வீட்டின் களஞ்சியக் கொட்டகையில், சட்டமில்லாத துணியைத் தரையில் விரித்து நாலா பக்கமும் நடந்து வண்ணத்தைச் சொட்டவிட்டார். முந்தைய படுக்கையறை ஸ்டூடியோவில் அப்படிச் சுற்றி நடக்க இடமே இருந்திருக்காது. இடம் கிடைத்த பிறகே முறை பிறந்தது.

இனி அறை. முதலில் வெளிச்சம். ஐரோப்பியப் பாடநூல்கள் எல்லாம் வடக்குச் சாளரம் வேண்டும் என்கின்றன. அந்த நாடுகளில் சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கே இருப்பதால் வடக்குச் சாளரத்தில் நேர்வெயில் நண்பகலில் விழாது. காலை முதல் மாலை வரை சீரான வானொளி வரும். சென்னைக்கு இந்த விதி பாதிதான் பொருந்தும். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். மார்ச் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரை அது உதிப்பதும் மறைவதும் கிழக்கு மேற்குக்குச் சற்று வடக்கே. ஆகவே கத்திரி வெயிலில் வடக்குச் சாளரத்திலும் வெயில் எட்டிப்பார்க்கும். வடக்கு வேண்டாம் என்பதல்ல. நல்ல அகலமான மழைத்தட்டோடு, உள்ளே மெல்லிய வெள்ளைக் காடாத் துணியும் தொங்கவிட வேண்டும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை அதே சாளரம் குறை சொல்ல முடியாத வெளிச்சம் தரும்.

வெளிச்சம் விழும் கோணம் நெசவை ஆளும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்திலிருந்து துணியை உரசினாற்போல் வரும் ஒளியில் ஒவ்வொரு இழைக்கும் ஒரு நிழல் விழுந்து, சாதாரணப் பருத்திகூடக் கோணிபோல் தெரியும். அந்த வெளிச்சத்தில் தீட்டுகிறவர் நெசவோடு சண்டை போட்டு வண்ணத்தைத் தேவைக்கு மேல் அப்பிவிடுவார். எதிரிலிருந்து தட்டையாக விழும் ஒளியில் நெசவே மறைந்துவிடும். அங்கே தீட்டிய படம் காட்சிக்கூடத்தின் பக்கவாட்டு விளக்கில் முரட்டு முகம் காட்டும். ஈரமான எண்ணெய் வண்ணத்தில் பளபளப்பு அடித்தால் நிறமும் தெரியாது. வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து, ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகையில் விழுவது நல்லது. கையின் நிழல் வேலையின் மேல் விழாது, நெசவும் மிதமாகத் தெரியும். இடக்கைக்காரருக்கு இதற்கு மறுபக்கம்.

இரவு வேலைக்கு விளக்கு. வான் கோ அந்தக் குளிர்கால வேலைக்காக மஞ்சள் வீட்டில் எரிவாயு விளக்கு போட்டுக்கொண்டார். கொகேனின் நாற்காலியைத் தீட்டிய படத்தில் சுவரில் அந்த விளக்கு எரிகிறது. மஞ்சள் ஒளியில் மஞ்சளையும் வெள்ளையையும் பிரித்தறிவது கடினம்; நீலம் கறுத்துத் தெரியும். இரவில் கலந்த நிறம் காலையில் வேறாக இருப்பது அதனால்தான். இன்று 5000 கெல்வின் அளவில், நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் உள்ள எல்இடி விளக்குகள் கிடைக்கின்றன. ஸ்டூடியோவில் எல்லா விளக்கும் ஒரே வகையாக இருக்கட்டும். பேலட்டின் மேல் ஒரு நிற ஒளியும் கேன்வாஸின் மேல் வேறு நிற ஒளியும் விழுவதுதான் பெரிய இடைஞ்சல்.

சுவரின் நிறமும் வேலையில் கலக்கும். எதிர்வீட்டு ரோஸ் நிறச் சுவரில் பட்டுத் திரும்பும் வெயில் அறை முழுவதையும் சிவக்கவைக்கும். முற்றத்து வாழை பச்சையை அனுப்பும். சேசான், ஏக்ஸ் நகருக்கு வெளியே லோவ் குன்றில் 1902இல் கட்டி முடித்த ஸ்டூடியோவின் சுவர்களுக்கு மங்கலான சாம்பல் பூசச்செய்தார். ஆப்பிளின் சிவப்பும் துணியின் வெள்ளையும் அங்கே தங்கள் நிறத்திலேயே தெரிந்தன. அதே ஸ்டூடியோவின் சுவரில் ஓர் உயரமான ஒடுக்கப் பிளவும் இருக்கிறது: குளிக்கும் பெண்களைத் தீட்டிய பெரிய கேன்வாஸ் வாசல் வழியே போகாது என்பதால் அதற்கென்றே விட்ட வழி. மோனே, முதல் உலகப்போர் காலத்தில் அல்லிக்குளப் படங்களுக்காக ஜிவெர்னியில் கண்ணாடிக் கூரையோடு தனியாக ஒரு பெரிய ஸ்டூடியோ கட்டினார். பேகனின் கதை வேறு மாதிரி. 1961 முதல் 1992இல் இறக்கும்வரை அவர் வேலை செய்த ரீஸ் மியூஸ் மாடி அறைக்குச் செங்குத்தான குறுகிய படிக்கட்டு. அவருடைய பெரிய படங்கள் பல 198 x 147.5 சென்டிமீட்டர் அளவிலேயே நின்றன. அதைவிடப் பெரியதை அந்தப் படியில் இறக்குவது பெரும்பாடு. பெரிதாகச் சொல்ல நினைத்ததை அவர் மூன்று கேன்வாஸ்களாகப் பிரித்துச் சொன்னார். கிழிந்த புகைப்படமும் புத்தகமும் வண்ணக் கறையும் மண்டிய அந்த அறையை டப்ளின் நகரின் ஹியூ லேன் காட்சிக்கூடம் பெயர்த்தெடுத்து 2001இல் திறந்தபோது கணக்கில் வந்த பொருட்கள் ஏழாயிரத்துக்கும் மேல். குப்பை அவருக்கு உதவியது என்பதற்காக மற்றவர்கள் குப்பை சேர்க்க வேண்டியதில்லை.

அறையின் நீளத்துக்கும் நெசவுக்கும் நேரான தொடர்பு உண்டு. முரட்டு நெசவில் தீட்டிய படம் தூரத்தில் நின்று பார்த்தால்தான் கூடிவரும். பத்துக்குப் பத்து அடி அறையில் ஆறடிக் கேன்வாஸை வைத்துக்கொண்டு பின்னால் நகர இடமில்லாதவர், படத்தைப் பார்க்காமலேயே தீட்டுகிறார். சிறிய அறைக்குச் சிறிய அளவும் நெருங்கிய நெசவும் பொருந்தும். எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி மாட்டினால் தூரம் இரண்டு மடங்காகும். இடவல மாற்றத்தில் பிழைகளும் சட்டென்று தெரியும்.

நம் ஊரின் ஈரத்தையும் சூட்டையும் எந்த வெளிநாட்டுப் புத்தகமும் சொல்லித்தராது. அக்ரிலிக் நீர் ஆவியாகிக் காய்வது. எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுவது. மே மாதத்து மின்விசிறிக் காற்றில், உறிஞ்சும் துணியில், அக்ரிலிக் தூரிகையிலிருந்து இறங்குவதற்குள் காய்ந்துவிடும். விளிம்புகளைக் கலக்க நேரம் இருக்காது. அப்போது துணியின் மேல் லேசாகத் தண்ணீர் தெளிப்பதும், விசிறியைக் கேன்வாஸ் பக்கம் திருப்பாமலிருப்பதும், காய்வதைத் தாமதப்படுத்தும் கலவை சேர்ப்பதும் வழிகள். வடகிழக்குப் பருவமழையில் பிரச்சினை வேறு: பருத்தி தொய்யும், விலங்குப் பசை இளகும், கேன்வாஸின் முதுகில் பூஞ்சணம் பிடிக்கும். படங்களைச் சுவரோடு ஒட்டிச் சாத்தாமல் நாலு விரல் இடைவெளி விட்டு, தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அறை எடுப்பவருக்கு உப்புக்காற்றும் சேரும். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமம் கடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் காற்றில் இரும்பு ஆணி துருவேறித் துணியைத் தின்னும். துருப்பிடிக்காத எஃகு ஊசிகளையே சட்டத்துக்கு அடிக்க வேண்டும்.

சூழல் என்பதில் மனிதர்களும் அடக்கம். மஞ்சள் வீட்டில் ஒரே அறையில் இருவர்; ஒருவர் எதிரே இருப்பதைப் பார்த்துத் தீட்டுபவர், மற்றவர் நினைவிலிருந்து தீட்டச் சொல்பவர். ஒன்பது வாரத்தில் அது, வான் கோ தம் காதை அறுத்துக்கொண்ட டிசம்பர் 23ஆம் தேதிச் சோகத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டு சான்-ரெமி மருத்துவமனையில் வான் கோவுக்குப் படுக்கை அறையில் தீட்ட அனுமதி இல்லை. ஸ்டூடியோ வேறு அறை. மேல்மாடிச் சாளரக் கம்பிகள் வழியே விடியுமுன் பார்த்த வானத்தை அவர் கீழே வந்து மனத்திலிருந்து தீட்டியதுதான் 1889 ஜூன் மாதத்து ‘விண்மீன் இரவு’. கம்பிகள் படத்தில் இல்லை. கொகேன் சொல்லியும் வான் கோ முழுதாகச் செய்யாததை அறையின் அமைப்பு செய்யவைத்தது. கூட்டாக ஸ்டூடியோ எடுக்க நினைப்பவர்கள் வாடகைக் கணக்கோடு, யார் எந்த நேரத்தில் வேலை செய்வார்கள், எவ்வளவு பேசுவார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

இத்தனையும் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் சோதித்துத் தெரிந்துகொள்வது விரைவு. ஒன்றரை அடிக்கு ஓரடி அளவில் மூன்று துண்டுகள்: நெருங்கிய லினன், கனமான பருத்தி, சணல். மூன்றுக்கும் ஒரே ஜெஸ்ஸோ, இரண்டு கை. ஒரே பொருளை, அதாவது ஒரு பித்தளைச் சொம்பும் ஓர் எலுமிச்சையும் போதும், ஒரே சாளரத்தின் கீழ், ஒரே நேரத்தில், ஒரே தூரிகையால் மூன்றிலும் தீட்ட வேண்டும். பிறகு சாளரத்தை மூடி, பக்கவாட்டு விளக்கில் மூன்றையும் பார்க்க வேண்டும். எந்தத் துணியில் கை தயங்கவில்லையோ அதை ஒரு வருடம் மாற்றாமல் வைத்துக்கொள்வது உத்தமம். ஒரே சமயத்தில் துணியையும் பூச்சையும் அறையையும் மாற்றுகிறவருக்கு எதனால் எது நேர்ந்தது என்று தெரியவே தெரியாது. சணல் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் முதல் வருடத்து வேலைக்கு அது வேண்டாம்.

ஐப்பசி மழை பிடிக்குமுன் இந்த மூன்று துண்டுகளையும் தீட்டி முடித்து, பின்புறத்தில் தேதி, துணி, பூச்சு, வெளிச்சம் நான்கையும் பென்சிலால் எழுதி, தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது கையோடு எடுத்து வா.

அன்புடன்,
பெரியப்பா